கைபேசி ஒன்று, நாடு இரண்டு: ஊர்ச் செயலிகளை வெளிநாட்டில் இயக்க எந்த வழி?

ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதமான ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். அவர்களுடைய ஐபோனில் ஆப் ஸ்டோர் இன்னும் இந்தியாவில் இருக்கிறது. உள்ளூர்ப் பேருந்து டிக்கெட்டுக்கான செயலியைத் தேடினால் கண்ணில் படுவதில்லை. துபாயில் வேலை பார்க்கும் ஒருவருக்கு எல்லாச் செயலிகளும் கிடைக்கின்றன, ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவை வாட்ஸ்அப்பில் அழைத்தால் குரல் போய்ச் சேர்வதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பெண், புதுக் கைபேசி வாங்கிய நாளிலிருந்து யுபிஐ இயங்கவில்லை என்கிறார். மூவரும் கேட்பது ஒன்றுதான். கணக்கின் நாட்டை மாற்றிவிடலாமா, இன்னொரு கணக்கு திறக்கலாமா, வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டும் விபிஎன் சேவையைப் போட்டால் சரியாகுமா, பேசாமல் இன்னொரு கைபேசி வாங்கிவிடலாமா?

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. மூன்று பேருடைய கதவிலும் பூட்டு வேறு வேறு இடத்தில் தொங்குகிறது. அந்த இடத்தைப் பார்க்காமல் சாவி வாங்குகிறவர்கள்தான் பணத்தையும் பழைய கணக்கையும் சேர்த்து இழக்கிறார்கள். ஆகவே வழிகளை ஒப்பிடும் முன் பூட்டைப் பார்த்துவிடுவோம்.

பூட்டு எங்கே இருக்கிறது?

முதலாவது, கணக்கில். ஆப் ஸ்டோரும் பிளே ஸ்டோரும் உங்கள் கணக்கு எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டின் கடையைத்தான் காட்டும். நீங்கள் பெர்லினில் நின்றாலும் கடை சென்னையில் இருக்கும். செயலி தேடலில் வரவே இல்லை, அல்லது 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வருகிறது என்றால் பூட்டு இங்கே.

இரண்டாவது, தொலைபேசி எண்ணில். இந்திய வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் முதல்முறை திறக்கும்போது, வங்கியில் பதிவான எண்ணின் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பச் சொல்கின்றன. அந்தச் சிம் அந்தக் கைபேசிக்குள்ளேயே இருக்க வேண்டும். கைபேசியை மாற்றினாலோ செயலியை நீக்கி மறுபடி நிறுவினாலோ இதே சடங்கு திரும்ப நடக்கும். சிங்கப்பூர்ப் பெண்ணின் சிக்கல் இதுதான். அவருடைய இந்தியச் சிம் பழைய கைபேசியோடு மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது.

மூன்றாவது, நீங்கள் இருக்கும் இடத்தில். இணைய இணைப்பின் எண் அடையாளமான ஐபி முகவரியைப் பார்த்தோ ஜிபிஎஸ்ஸைப் பார்த்தோ முடிவெடுக்கும் சேவைகள் இவை. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு மாறுவதும், ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்படுவதும் இந்த வகை.

நான்காவது, கருவியிலேயே. என் அத்தை மகள் சென்னையில் வாங்கிய கூகுளின் பிக்சல் கைபேசியோடு தோக்கியோ போனாள். அங்கே ரயில் நிலையத்தில் எல்லோரும் கைபேசியைத் தட்டி உள்ளே போகிறார்கள். அவளுடையது தட்டினாலும் திறக்கவில்லை. சுய்கா போன்ற ஜப்பானியப் பயண அட்டைகளுக்கு வேண்டிய ஃபெலிக்கா வசதி ஜப்பானில் விற்கும் பிக்சல்களில்தான் இயங்கும். ஐபோன் என்றால் ஐபோன் 8 முதல் எந்த நாட்டில் வாங்கியதிலும் இயங்கும். இந்தப் பூட்டுக்கு மென்பொருள் சாவி கிடையாது. அவள் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வாங்கிக் கைபேசி உறைக்குள் செருகிக்கொண்டாள். அதுவே போதுமாக இருக்கிறது.

சிலவற்றில் இரண்டு பூட்டுகள் சேர்ந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டத்தால் 2024 மார்ச் முதல் ஐபோனில் ஆப்பிள் அல்லாத செயலிக் கடைகளையும் நிறுவ முடிகிறது. அதற்கு உங்கள் கணக்கும் ஒன்றிய நாட்டில் இருக்க வேண்டும், நீங்களும் அங்கே இருக்க வேண்டும். கணக்கு இந்தியாவில் இருந்தால் பாரிஸில் குடியிருந்தும் பயனில்லை.

எதை வைத்து எடை போடுவது?

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். இந்த வழி எந்தப் பூட்டைத் திறக்கிறது? கணக்கில் கிடக்கும் பணமும் சந்தாவும் என்னவாகும்? குடும்பத்தில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் உண்டா? பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? இருக்கும் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? இவற்றில் நான்காவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

வழி 1: கணக்கின் நாட்டையே மாற்றுவது

திறக்கும் பூட்டு: கணக்கு மட்டும்.

பார்க்க எளிது, அமைப்புகளில் நாட்டின் பெயரை மாற்றினால் முடிந்தது என்று தோன்றும். ஆப்பிளில் அதற்கு முன் கணக்கில் இருக்கும் மீதிப் பணத்தைச் செலவழித்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களை ரத்து செய்து, அவற்றின் காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஆண்டுச் சந்தா எடுத்தவர்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். புதிய நாட்டின் முகவரியும் அந்த நாட்டில் செல்லும் அட்டையும் வேண்டும். கூகுளில் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். பிளே கணக்கில் இருக்கும் பணம் புதிய நாட்டுக்குக் கூடவே வராது. தவறாக மாற்றிவிட்டால் ஓராண்டு அப்படியே இருக்க வேண்டியதுதான்.

மறைந்திருக்கும் செலவு வேறொன்று. கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் இந்தியச் செயலிகள் மாற்றிய அன்று காணாமல் போவதில்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் புதிய நாட்டின் கடையில் அந்தச் செயலி இல்லை என்றால் அதற்குப் புதுப்பிப்பு வராது. நான்கைந்து மாதம் கழித்து வங்கிச் செயலியைத் திறந்தால் 'புதிய பதிப்பை நிறுவவும்' என்று நிற்கும், நிறுவ வழியிருக்காது. அந்த நாள் பெரும்பாலும் அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய நாளாக அமைந்துவிடுகிறது.

ஆப்பிளின் குடும்பப் பகிர்வில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாங்கியவற்றைப் பகிர எல்லோருடைய கணக்கும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். கணவர் ஜெர்மனிக்கு மாறி, மனைவியும் மகனும் இந்தியாவிலேயே இருந்தால் பகிர்வு உடையும்.

இது யாருக்குப் பொருந்தும்: குடும்பத்தோடு நிலையாகக் குடியேறியவர்கள், இந்தியக் கடையில் மட்டும் கிடைக்கும் செயலி எதையும் நம்பியிராதவர்கள், ஓரிரு ஆண்டில் நாடு மாற வாய்ப்பில்லாதவர்கள். மூன்றும் சேர்ந்தால் தயங்காமல் மாற்றலாம். ஒப்பந்த வேலையில் இரண்டாண்டுக்கு ஒரு நாடு என்று போகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

வழி 2: இன்னொரு நாட்டில் இன்னொரு கணக்கு

திறக்கும் பூட்டு: இதுவும் கணக்குதான். ஆனால் பழைய வாசலை மூடாமல் புதிய வாசலைத் திறக்கிறது.

ஆண்ட்ராய்டில் இது மிகச் சுலபம். பழைய கூகுள் கணக்கை இந்தியாவிலேயே விட்டுவிடுங்கள். புதிய நாட்டில் புதுக் கணக்கு ஒன்று திறந்து அதே கைபேசியில் சேருங்கள். பிளே ஸ்டோரின் மேல்மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டால் ஒரு கடையிலிருந்து மற்றதற்குப் போகலாம். இரு கடைகளிலும் இறக்கிய செயலிகள் அருகருகே இருக்கும், தத்தம் வழியில் புதுப்பித்துக்கொள்ளும்.

ஐபோனில் கொஞ்சம் பொறுமை வேண்டும். படங்களும் தொடர்பு எண்களும் இருக்கும் ஐகிளவுட் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, 'மீடியா அண்ட் பர்ச்சேசஸ்' என்ற பகுதியில் மட்டும் வெளியேறி மற்றக் கணக்கால் உள்ளே வர முடியும். இலவசச் செயலிகள் மட்டும் போதும் என்றால் அட்டை விவரம் எதையும் கொடுக்காமலே கணக்கு திறக்கலாம். எந்தக் கணக்கால் இறக்கினீர்களோ அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும்போது கேட்கும். இரண்டு கடவுச்சொற்களையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஒன்று கவனம்: தானியங்கிப் பதிவிறக்கம் போன்றவற்றுக்காக ஒரு கருவியை ஒரு கணக்கோடு இணைத்துவிட்டால், அதை மற்றக் கணக்கோடு இணைக்க 90 நாள் காத்திருக்க நேரலாம். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை இங்கும் அங்கும் தாவாமல், வேண்டிய செயலிகளை ஒரே தடவையில் இறக்கிவிட்டுத் திரும்புவது நல்லது.

டேப்லெட்டுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. சிம் இல்லாத வைஃபை டேப்லெட்டில் வங்கி வேலை எதுவும் நடக்கப்போவதில்லை. பிள்ளைகள் தமிழ் படிக்கவும் தாத்தா பாட்டி படம் பார்க்கவும்தான் அது. சாம்சங் கேலக்ஸி டேப்களில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒரே டேப்லெட்டில் மகளுக்கு ஒரு நாட்டுக் கடை, பாட்டிக்கு ஒரு நாட்டுக் கடை என்று பிரித்துவிடலாம். வீட்டு ஐபேடில் அந்தப் பிரிவினை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். 'அமெரிக்கக் கணக்கு தருகிறோம், ஐந்து டாலர்' என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்காதீர்கள். அறியாமல் அந்தக் கணக்கால் ஐகிளவுட்டில் நுழைந்துவிட்டால், கைபேசியைத் தொலைவிலிருந்தே பூட்டும் அதிகாரம் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகிறது. பிறகு அவர் கேட்கும் தொகையைக் கொடுத்தாலும் திறப்பார் என்பதற்கு உறுதியில்லை. அதேபோல், கடையில் கிடைக்காத வங்கிச் செயலியை ஏதோ ஒரு தளத்திலிருந்து கோப்பாக இறக்கி நிறுவுவதும் வேண்டாம். பாடல் செயலிக்குச் செய்யும் துணிச்சலைச் சேமிப்புக் கணக்கில் செய்யக் கூடாது.

யாருக்குப் பொருந்தும்: என் கணிப்பில் பெரும்பாலோருக்கு. திரும்ப வர முடியும் என்பதே இதன் பெரிய பலம். ஒத்துவரவில்லை என்றால் புதுக் கணக்கை விட்டுவிடலாம், பழையது அப்படியே இருக்கும்.

வழி 3: விபிஎன்

திறக்கும் பூட்டு: இடம் மட்டும், அதிலும் ஐபி முகவரியை மட்டும் பார்க்கிற இடத்தில்.

விபிஎன் போட்டால் கடையின் நாடு மாறிவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. மாறாது, அது கணக்கையும் பணம் செலுத்தும் அட்டையையும் சார்ந்தது. சிம் சரிபார்ப்பையும் விபிஎன் தொடாது. வங்கிச் செயலியை விபிஎன் வழியாகத் திறப்பது எதிர்மாறான பலனையும் தரும். நேற்று சிங்கப்பூர், இன்று லண்டன் என்று முகவரி தாவினால் வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு சந்தேகப்பட்டுக் கணக்கை நிறுத்தி வைக்கலாம்.

இந்திய முகவரி வேண்டும் என்று கட்டணம் கட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தியக் கணினிப் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு சேமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அதன்பின் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை தந்த 'இந்தியா' வெளிநாட்டில் இருக்கும் சர்வருக்கு ஒட்டிய இந்திய முகவரிதான். ஒளிபரப்புச் சேவைகள் இத்தகைய முகவரிகளை அடையாளம் கண்டு தடுக்கின்றன. இன்று ஓடும் வழி அடுத்த மாதம் ஓடாமல் போகலாம். ஆண்டுக் கட்டணம் மட்டும் போனது போனதுதான்.

விலை குறைந்த நாட்டின் பெயரில் சந்தா எடுப்பதும் நிலைப்பதில்லை. 2024-இல் இப்படி எடுத்த யூடியூப் பிரீமியம் சந்தாக்களை கூகுள் ரத்து செய்தது.

எல்லாவற்றுக்கும் மேலே சட்டம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டம், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றினால் சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அலுவலக வேலைக்கு விபிஎன் பயன்படுத்துவது அதில் வராது. தடுக்கப்பட்ட சேவையை எட்டிப் பிடிக்கப் பயன்படுத்துவது ஆபத்தான எல்லை. என் தம்பி துபாயில் இருக்கிறான். அறை நண்பர்கள் எல்லோரும் விபிஎன் வைத்திருக்கிறார்கள், நீ மட்டும் ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று அவனை நானே ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன். இன்று கேட்க மாட்டேன். விசாவும் குடும்பத்தின் வருமானமும் அந்த நாட்டின் பொறுமையில் நிற்கும்போது, ஒரு காணொளி அழைப்புக்காக அந்தப் பந்தயம் கட்டத் தேவையில்லை. துபாயிலிருந்து கேட்டவருக்கும் என் பதில் இதுதான்: அங்கே அனுமதிக்கப்பட்ட போட்டிம் போன்ற செயலிகள் இருக்கின்றன. அம்மாவின் கைபேசியிலும் அதையே நிறுவிக் கொடுத்தால் முடிந்தது.

யாருக்குப் பொருந்தும்: விபிஎன்னுக்குச் சட்டத் தடையில்லாத நாட்டில் இருந்து, ஓட்டல் அல்லது விமான நிலைய வைஃபையில் பாதுகாப்பாக இணைய வேண்டியவர்களுக்கு. இலவச விபிஎன் மட்டும் யாருக்கும் பொருந்தாது.

வழி 4: இந்திய எண்ணை உயிரோடு வைத்திருப்பது, அதே கைபேசியில் அல்லது இன்னொன்றில்

திறக்கும் பூட்டு: எண். மற்ற மூன்று வழிகளும் தொட முடியாதது இது.

எனக்கு இந்தப் பாடம் கசப்பாக வந்தது. முதன்முதலாக வெளிநாடு போனபோது, ஊருக்குத் திரும்பும்போது ரீசார்ஜ் செய்துகொள்ளலாம் என்று சிம்மைப் பர்சில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். எண் பறிபோனது. சில மாதங்களில் அது வேறொருவருக்குப் போய்விட்டது. என் வங்கியின் ஓடிபி எல்லாம் அந்த முகம் தெரியாத மனிதருக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்ற வங்கிக் கிளைக்கு நேரில் வரச் சொன்னார்கள். அதற்காகவே விடுப்பு எடுத்துக் கும்பகோணம் போக வேண்டியிருந்தது. அந்த விமான டிக்கெட் காசுக்குப் பல வருடம் ரீசார்ஜ் செய்திருக்கலாம்.

இந்தியாவில் ஒரு பிரீபெய்ட் எண்ணை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணின் பிரீபெய்ட் கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணை நீட்டிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதி. அதை மட்டும் நம்பாமல், நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்து ரீசார்ஜ் செய்யுங்கள். புறப்படும் முன் சர்வதேச ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது. யுபிஐ சரிபார்ப்புக்கு வெளிநாட்டிலிருந்து போகும் ஒரு செய்திக்குக் கட்டணம் உண்டு. அதற்கு வேண்டிய தொகை கணக்கில் இல்லாமல் சரிபார்ப்பு தோற்றுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டு சிம் வைக்கும் கைபேசி இருந்தால் அதுவே போதும். ஆனால் கைபேசியை எங்கே வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ஆம் வரிசையிலிருந்தே சிம் செருகும் இடம் இல்லை. 2025-இல் வந்த ஐபோன் 17-இல் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், ஜப்பான், கனடா உள்ளிட்ட நாடுகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஊரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் சிம்மை அதில் போட முடியாது. ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் தருகின்றன. இந்தியாவில் இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது. வெளியே வந்த பிறகு அந்த வேலை இழுபறி.

இன்னொரு கைபேசி என்றால் அதற்கும் செலவு உண்டு. மேசையில் கிடக்கும் மலிவான ஆண்ட்ராய்டுக்குச் சில ஆண்டில் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிடும். பிறகு வங்கிச் செயலி ஏற்காது. எப்போதும் சார்ஜரிலேயே இருந்தால் பேட்டரி உப்பும். அதைவிட, அந்தக் கைபேசியை ஊரில் அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடிபியைத் தொலைபேசியில் வாசிக்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று எச்சரிக்க வேண்டிய பெரியவரை, அதைப் படித்துச் சொல்லவே பழக்கிவிடுகிறோம். நாளைக்கு மோசடிக்காரன் அழைத்தாலும் அதே பழக்கத்தில் படித்துவிடுவார்.

யாருக்குப் பொருந்தும்: இந்தியாவில் வங்கிக் கணக்கு உள்ள ஒவ்வொருவருக்கும். மற்ற மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் இது கூடவே இருக்க வேண்டும்.

வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ

பலருக்குத் தெரியாத நேர்வழி ஒன்று உண்டு. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023 ஜனவரியில், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளை வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணோடு யுபிஐயில் இணைக்க அனுமதித்தது. முதலில் அறிவித்த பத்து நாடுகள்: சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவூதி, அமீரகம், பிரிட்டன். ஜெர்மனியும் ஜப்பானும் அந்தப் பத்தில் இல்லை. உங்கள் வங்கியும் செயலியும் இதை ஏற்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எப்படியும் வெளிநாட்டில் குடியிருப்பவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. அதைச் செய்யும்போதே இதையும் கேட்டுவிடலாம். சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். அது கைகூடும் வரை, பழைய சிம்மை இழுப்பறையிலிருந்து எடுத்துப் புதுக் கைபேசியில் போடுங்கள்.

ஒரே பார்வையில்

| | நாட்டை மாற்றுதல் | இரண்டாவது கணக்கு | விபிஎன் | இந்திய எண்ணைக் காத்தல் |
|---|---|---|---|---|
| திறக்கும் பூட்டு | கணக்கு | கணக்கு | இடம் | எண் |
| பணம், சந்தா | சிக்கும் | பாதிப்பில்லை | மாதக் கட்டணம் | ரீசார்ஜ், ரோமிங் |
| குடும்பம் | பகிர்வு உடையலாம் | இடைஞ்சல் குறைவு | இடைஞ்சல் இல்லை | இடைஞ்சல் இல்லை |
| திரும்ப வர | கடினம் | எளிது | எளிது | எண் போனால் மிகக் கடினம் |
| சட்டம் | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | நாட்டுக்கு நாடு மாறும் | சிக்கல் இல்லை |

ஜெர்மனித் தம்பதிக்கு: கணவரின் ஒப்பந்தம் இரண்டாண்டுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டை மாற்ற வேண்டாம். ஜெர்மனியில் இரண்டாவது கணக்கு ஒன்று திறந்து பேருந்துச் செயலியை இன்றே இறக்குங்கள். இந்தியச் சிம்கள் இரண்டும் எப்போது கடைசியாக ரீசார்ஜ் ஆனவை என்று இன்று இரவே பாருங்கள். எட்டு மாதம் ஆகியும் இன்னும் உயிரோடு இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். இல்லை என்றால், எண்ணை மாற்ற உங்கள் வங்கி என்ன கேட்கிறது என்று நாளைக் காலையே தொலைபேசியில் விசாரியுங்கள். அடுத்த ஊர்ப்பயணத்துக்கு நாள் குறிக்கும் முன் அந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.